ஐந்தாவது குருவி: விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழித்துணை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற ஒரு தமிழ்ச் சபையின் வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று, வருகிறவர்களுக்குக் கை கொடுத்து, பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. பெரிய ஊழியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாசலில் நின்று நின்று ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஐந்தாவது ஆறாவது வாரம், ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது, கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்: "அண்ணே, ஆண்டவர் உலகத்தையே நேசிக்கிறாருன்னு பாஸ்டர் சொல்றாரு, சரி. என்னைய அவருக்குத் தெரியுமா?"

இப்படிக் கேட்டவர்களில் ஒருவர் சாப்பாட்டுக் கடையில் மாவு பிசைகிறவர், காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். இன்னொருவர் பேராக்கில் தோட்டத்தில் வளர்ந்து, இங்கே ஓர் அறையை மூன்று பேரோடு பகிர்ந்துகொண்டு, இரவு ஷிப்டு பார்க்கிற பெண். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. கேள்வி மட்டும் ஒன்று.

"தெரியும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லி யாருக்கும் அது மனசில் இறங்கி நான் பார்த்ததில்லை. வழி கேட்டவரிடம் ஊர்ப் பேரை மட்டும் சொல்லி அனுப்புகிற மாதிரி ஆகிவிடும். அதனால் இப்போதெல்லாம், இதைச் செய்யுங்கள், அப்புறம் அதைச் செய்யுங்கள் என்று வரிசையாகச் சொல்கிறேன். நான் போதகர் இல்லை. ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். சரக்கை எண்ணி எழுதிப் பழகியவன் சொல்கிற வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில்: குருவிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பைபிள் கைக்கு வந்ததும் ஆதியாகமத்தில் வேகமாக ஆரம்பித்து, லேவியராகமத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறவர்கள் நிறைய. இப்போதைக்கு அது வேண்டாம். இரண்டே இடங்களை அடுத்தடுத்து வாசியுங்கள். மத்தேயு 10-ஆம் அதிகாரம் 29 முதல் 31 வரை. லூக்கா 12-ஆம் அதிகாரம் 6, 7. இரண்டிலும் இயேசு குருவி விற்கிற விலையைப் பேசுகிறார். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து.

கணக்கு இடிக்கிறது, பாருங்கள். ஒரு காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது எங்கிருந்து வந்தது?

சந்தையில் காய் வாங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அது கொசுறு. அந்தக் காசு ரோமர்களின் சின்னச் செப்புக்காசு; திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரனுக்கு ஒரு நாளைக்குப் பேசின 'ஒரு பணம்' என்று மத்தேயு 20-இல் வருகிறதே, அதில் 16-இல் ஒரு பங்கு. நம் ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். மலேசியாவில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. அதில் 16-இல் ஒரு பங்கு 4 வெள்ளி. ஆக, 4 வெள்ளிக்கு ஒரு ஜோடிக் குருவி. 8 வெள்ளிக்கு வாங்கினால் கொசுறாக இன்னொன்று சும்மா. ஏழைகள் வாங்கித் தின்கிற மலிவான இறைச்சி அது.

நான் காய் வாங்குகிற கடையில் அக்கா பையைக் கட்டுவதற்கு முன் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து மேலே செருகுவார். விலை கிடையாது, தராசில் ஏறாது, பில்லில் வராது. சமைத்து முடித்த பிறகும் அதற்கு என்ன மரியாதை? தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்போம். நம்மை யாராவது தேவைக்குப் பயன்படுத்திவிட்டுத் தள்ளினால்கூட 'கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க' என்றுதான் சொல்கிறோம். இயேசு பேசுகிற ஐந்தாவது குருவி அந்தக் கறிவேப்பிலை. விற்கிறவன் எண்ணாத குருவி. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று லூக்கா எழுதும்போது, அந்தக் கணக்கில் வராத ஒன்றும் அதில் அடக்கம்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது வெறும் குருவி இல்லை, 'அடைக்கலான் குருவி'. வீட்டு இறவாணத்தில் அடைக்கலம் தேடி வந்து கூடு கட்டுகிற பறவை என்பதால் நம் ஆட்கள் வைத்த பெயர். ஒண்டுவதற்கு இடம் தேடி வந்த பறவை என்று பெயரிலேயே இருக்கிறது. கோலாலம்பூரில் அறை வாடகைக்குத் தேடி அலைந்தவர்களுக்கு இது புரியும்.

இந்த இடத்தை விட்டுப் போவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். பிதாவின் சித்தமில்லாமல் குருவி தரையிலே விழாது என்று மத்தேயுவில் இருக்கிறது. விழவே விழாது என்று எங்கேயும் இல்லை. குருவி விழுகிறது. இதை நான் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், வீட்டில் முதல் அடி விழுகிற நாளில் ஆள் சபைக்கு வருவதை நிறுத்திவிடுவார்.

அடுத்தது: உங்கள் பேரைச் சொல்லி ஜெபியுங்கள்

புதியவர்களுக்கு ஜெபம் என்றாலே பயம். சபையில் பெரியவர்கள் 'பரிசுத்தமும் மகிமையும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே' என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் நிறுத்தாமல் போவதைக் கேட்டுவிட்டு, நமக்கு இந்தத் தமிழ் வராது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தமிழ் அவர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. அவர்களுக்கு அதுதான் இயல்பு. உங்களுக்கு உங்கள் தமிழ் போதும். 'நீர்', 'உம்முடைய' என்பதெல்லாம் மெல்ல மெல்லத் தானாக வரும்.

இப்படித் தொடங்கிப் பாருங்கள். முதலில் உங்கள் பெயர். அப்புறம் இருக்கிற இடம். அப்புறம் அன்றைய ஒரே ஒரு விஷயம். "ஆண்டவரே, நான் இன்னார். செந்தூலில் பிளாட்டில் மூன்றாவது மாடி. நாளைக்கு முதலாளியிடம் சம்பளப் பாக்கியைக் கேட்கப் போகிறேன், கை நடுங்குகிறது." அவ்வளவுதான், ஆமென். உங்கள் பெயரும் விலாசமும் அவருக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் ஒரு குறிப்பிட்ட ஆளாக அவர் முன்னால் நிற்கிறீர்கள் என்பதை உங்கள் வாயும் காதும் பழக வேண்டும், அதற்காக.

பழக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த நகரத்தில் நாம் நம்பராகத்தான் வாழ்கிறோம். கிளினிக்குக்குப் போனால் ஒரு சீட்டு. 2047 என்று திரையில் விழுந்தால் எழுந்து போகிறோம். பேங்கில் நம்பர், அடையாள அட்டை (ஐசி) நம்பர், வேலை பெர்மிட் நம்பர். ஒரு தடவை நான் கிளினிக்கில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது, மருந்து கொடுக்கிற இடத்தில் இருந்த ஒரு பெண் நம்பரை விட்டுவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா பெயரையும் சேர்த்து, உச்சரிப்புப் பிசகாமல். திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ என்று நினைத்து.

இதற்கு ஏற்ற வாசிப்பு ஆதியாகமம் 16. ஆகார் எகிப்தியப் பெண், வெளிதேசத்தாள், வீட்டு வேலைக்காரி. அந்த அதிகாரத்தில் எஜமானி பேசும்போதும் எஜமான் பேசும்போதும் கவனியுங்கள்: 'அடிமைப்பெண்' என்றுதான் சொல்வார்கள், அவள் பெயர் அவர்கள் வாயில் வராது. வீட்டை விட்டு ஓடி, வனாந்தரத்தில் ஒரு நீரூற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்போது தேவதூதன்தான் முதலில் 'ஆகாரே' என்று கூப்பிடுகிறான். கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்கிறான்: "எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறாள், இரண்டாவதற்கு அவளிடம் பதில் இல்லை. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பெட்டியோடு இறங்கி நின்ற நாள் ஞாபகம் வருகிறதா? அந்தப் பெண்தான் ஆண்டவருக்கு ஒரு பெயர் வைக்கிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." ஆபிரகாமுக்குக்கூட அதுவரை தோன்றவில்லை.

கதை அதோடு இனிமையாக முடியவில்லை. திரும்பிப் போ, அந்த எஜமானியிடமே போ என்று சொல்லப்படுகிறாள். எனக்கு இன்றுவரை நெருடுகிற இடம் அது. பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். 21-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் வனாந்தரம், இந்தத் தடவை தண்ணீரும் தீர்ந்துவிட்டது, மறுபடியும் அதே குரல். அதையும் சேர்த்து வாசித்துவிடுங்கள்.

ஒரு 555 வாங்கிக்கொள்ளுங்கள்

மளிகைக் கடையில் கடன் எழுதி வைக்கிற சின்னப் புத்தகம், சட்டைப்பையில் அடங்குகிற அளவு, அட்டையில் 555 என்று போட்டிருக்கும். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்; புதிதாக வந்தவர்கள் ஸ்டேஷனரிக் கடையில் கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். இரவு படுக்கும் முன் அன்றைய கவலை ஒன்றைத் தேதி போட்டு ஒரே வரியில் அதில் எழுதுங்கள். போனில் எழுதலாமே என்பீர்கள். போனைத் திறந்தால் வேறு எதையோ பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

இந்தப் பழக்கத்துக்கு அடிப்படை 1 பேதுரு 5:7. "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." விசாரிக்கிறவர் என்றதும் புதியவர்கள் திடுக்கிடுவார்கள். பெர்மிட் விஷயமாக அலைந்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஆண்டவருமா விசாரணை வைக்கிறாரு?" நியாயமான கேள்விதான். நம் ஊரில் இன்றைக்கும் 'அவங்க நல்லா விசாரிச்சாங்க' என்றால் என்ன அர்த்தம்? சாப்பிட்டாயா, அம்மாவுக்கு எப்படி இருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று அக்கறையாகக் கேட்டார்கள் என்றுதானே. அந்த விசாரிப்பு இது.

மாதக் கடைசியில் பின்னால் புரட்டிப் பாருங்கள். சிலது தீர்ந்திருக்கும். சிலது கவலையாகவே இல்லாமல் போயிருக்கும். என்னுடையதில் ஒரு பக்கத்தில் 'கேட் சாவி' என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன கவலைப்பட்டேன் என்று எனக்கே ஞாபகமில்லை. சிலது அப்படியே கிடக்கும். அதற்காக ஆண்டவர் பேரில் கடன் பாக்கி எழுதாதீர்கள். 555 என்றதும் கை அந்தப் பக்கம்தான் போகும்.

தனியாக இதைச் செய்ய முடியாது

இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். கடவுளுக்கும் எனக்கும் நடுவில் மற்றவர்கள் எதற்கு என்று. ஆனால் அவருடைய அக்கறை பாதிக்கு மேல் யாரோ ஒருவர் கையில் டிபன் கேரியராகத்தான் வந்து சேர்கிறது. உங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்றால் அந்தக் கேரியர் எந்தக் கதவைத் தட்டும்?

கோலாலம்பூரில் தமிழ்ச் சபைகளுக்குப் பஞ்சமில்லை. பிரிக்பீல்ட்ஸிலேயே லுத்தரன், தமிழ் மெதடிஸ்ட் சபைகள் இருக்கின்றன. கத்தோலிக்கர்களுக்குப் பாத்திமா மாதா ஆலயம். கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போகலாம். புடு பக்கம் ஜாலான் ராபர்ட்சனில் புனித அந்தோணியார் ஆலயம், டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் ஆங்கிலிக்கன்களின் செயின்ட் மேரிஸ் பேராலயம். தமிழ் ஆராதனை நேரம் மாறும். கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஓரிடத்தில் தேவன், ஜெபம், ஆராதனை என்பார்கள். இன்னோரிடத்தில் இறைவன், செபம், திருப்பலி என்பார்கள். குழம்ப வேண்டாம். இன்னொன்று, தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை, சபாவிலும் சரவாக்கிலும்தான். முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுங்கள்.

ஞாயிறு ஆராதனைக்குப் போய்வந்தால் மட்டும் போதாது. நான் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் ஒரு சபைக்கு மூன்று ஞாயிறு போனேன். பேர் வேண்டாம். ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாலாவது ஞாயிறு போகவில்லை, அதை யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். குறை அவர்களிடமும் இருந்தது, என்னிடமும் இருந்தது. ஆராதனை முடிகிற கடைசிப் பாட்டிலேயே நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

அதனால், வீட்டு ஜெபக்கூட்டம் எந்த நாள், யார் வீட்டில் என்று கேளுங்கள். கத்தோலிக்கர்களுக்கு அன்பியம். பத்துப் பேர், ஒரு கூடம், கடைசியில் மீகூன் நூடுல்ஸோ கேசரியோ. அங்கே போய் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், உண்மையான ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். 'நல்லா இருக்கேன்' என்பதைத் தவிர வேறு ஏதாவது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, ஆண்டவர் எனக்கு உங்களைப் பற்றிக் காட்டினார் என்று தொடங்கி, காணிக்கைத் தொகையில் கொண்டுபோய் முடிக்கிறவர்கள் உண்டு. பணப் பேச்சு வந்ததும் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், வசனத்தின் அதிகார எண்ணையும் வசன எண்ணையும் சேர்த்து நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே. ஆண்டவர் உங்களைத் தனியாக அறிவார் என்பதற்கும் அவர் உங்களுக்குத் தனியாக நம்பர் தருவார் என்பதற்கும் சம்பந்தமில்லை.

பதில் வராத நாட்களுக்கு

என் அம்மாவுக்குச் சிறுநீரகம் போய் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். சுகமாக வேண்டும் என்று 555-இல் எத்தனை பக்கம் எழுதினேன் என்று எண்ணவில்லை. சுகமாகவில்லை. நான் வேலையில் இருந்த வியாழக்கிழமைகளில் சபையில் ஓர் ஆன்ட்டி தன் பழைய புரோட்டோன் காரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், முடிகிறவரை வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு வருஷம். நாங்கள் கேட்டது கிட்னி, வந்தது ஆன்ட்டி. அம்மா ஒரு நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, கோபமாக இருந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு உதவியது ஆறுதல் வசனங்கள் இல்லை, சண்டை போடுகிற சங்கீதங்கள். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறது. மறக்கமாட்டார் என்று எழுதியிருக்கிற அதே புத்தகத்துக்குள் மறந்துவிட்டீரே என்கிற வழக்கும் இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் மோசம். மற்ற புலம்பல் பாட்டுகளில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியோ துதியிலோ நம்பிக்கையிலோ போய் முடியும். இது இருட்டில் தொடங்கி இருட்டில் முடிகிறது. யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவு ஒட்டவைக்கவில்லை. அதைச் சத்தமாக வாசியுங்கள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. கோபத்தில் ஜெபத்தை நிறுத்துவதைவிடக் கோபத்தையே ஜெபமாகச் சொல்வது மேல். அவரிடம் பேசிக்கொண்டாவது இருக்கிறோம்.

ரொம்பவும் முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றால் டாக்டரிடமும் போங்கள். அது அவிசுவாசம் இல்லை. 1 இராஜாக்கள் 19-இல் எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்தபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கவிட்டான்.

கடைசியாக ஒரு வேலை

மூன்று நான்கு மாதம் ஆனதும் நீங்களும் வாசல் பக்கம் வந்து நில்லுங்கள். காப்பி மேசைக்குத் தள்ளி, நோட்டீஸ் போர்டை வாசிக்கிற மாதிரி ஒருவர் நிற்பார், வாசிக்கவெல்லாம் மாட்டார். அவரிடம் போய்ப் பேரைக் கேளுங்கள். சரியாகக் காதில் விழவில்லை என்றால் இன்னொரு தடவை கேளுங்கள், தப்பில்லை. வீட்டுக்குப் போனதும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பேர், ஊர், அவர் சொன்ன ஒரு விஷயம். அடுத்த ஞாயிறு பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அந்த விஷயத்தை விசாரியுங்கள்.

என் 555-இன் பின்பக்கங்கள் இப்போது இதற்குத்தான். போன ஞாயிறு, கிள்ளானில் வெல்டிங் வேலை பார்க்கிற ஒரு தம்பி இரண்டாவது தடவையாக வந்திருந்தார். புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேர் எப்படியோ ஞாபகத்துக்கு வந்தது. "அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு தம்பி?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "முட்டி இல்லண்ணே, கண்ணு. புதன்கிழமை ஆபரேஷன்." வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை எடுத்து, முட்டியை அடித்துவிட்டுக் கண் என்று எழுதினேன். பக்கத்தில் புதன்.